புரூஸ் என்ற குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட பெயர் புரூஸ். அந்நாட்டு மன்னர்கள் இருவர், இந்தியாவின் வைஸ்ராய்கள் இருவர், அமெரிக்க செனட்டர் ஒருவர், ஹாங்காங் சண்டைப் படங்களின் நாயகர் ஒருவர் என்று பலரிடம் இந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் பெயர் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல, பிரான்சின் நார்மண்டியில். ஒரே பெயர் என்பதால் எல்லோரும் ஒரே ரத்தம் என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. அதனால் ஆவணம் எதுவரை பேசுகிறது, பிறகு எங்கே கதை தொடங்குகிறது என்பதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

புரூஸ் என்பது எந்த மொழிச் சொல்?

அது ஓர் ஊரின் பெயர். நார்மண்டியில் ஆங்கிலக் கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதி கோட்டான்டன் தீபகற்பம். அதில், ஷெர்பூர் துறைமுகத்துக்குத் தெற்கே, வலோஞ் என்ற சிறுநகருக்குப் பக்கத்தில் பிரிக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. பழைய ஆவணங்களில் இது புருஸ், புருயிஸ் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊருக்கு உடையவர் தன்னை ‘டெ புருஸ்’ என்று சொல்லிக்கொண்டார். ‘டெ’ என்றால் பிரெஞ்சில் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று பொருள். ஸ்காட்லாந்தை ஆண்ட ராபர்ட் மன்னரை ‘ராபர்ட் தி புரூஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் இந்த ‘டெ’ திரிந்ததால்தான் என்பது வழக்கமான விளக்கம்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் காரைக்குடி, செம்மங்குடி என்று ஊர் வருவது மாதிரிதான் இதுவும். ஆனால் ஒரு வித்தியாசம்: குடும்பம் அந்த ஊரை விட்டுக் கடல் கடந்து போன பிறகும், பேரனுக்குப் பேரன் அந்த ஊரைக் கண்ணால் கூடப் பார்க்காத பிறகும், ஊர்ப் பெயர் அவர்களை விடவில்லை.

ஏன் விடவில்லை?

நிலம்தான் காரணம். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. நிலவுடைமைப் பிரபுக்களுக்குத்தான் அதற்கான தேவை முதலில் வந்தது. மன்னர் கொடுத்த நிலம் மகனுக்குப் போக வேண்டும், அவனும் அதே குடும்பம்தான் என்று பத்திரத்தில் தெரிய வேண்டும். ராபர்ட் என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்த காலம் அது. வெறும் ராபர்ட் என்று எழுதிவைத்தால் நாளைக்கு வழக்குதான் வரும்.

1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியமோடு படையில் வந்தவர்கள்தானே இவர்கள்?

பல இணையப் பக்கங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஹேஸ்டிங்ஸ் போரில் ஒரு புரூஸ் வில்லியமுக்குப் பக்கத்திலேயே நின்றார் என்றுகூடப் படித்திருப்பீர்கள். இதற்கு இரண்டு ஆதாரங்களைக் காட்டுவார்கள். இரண்டுமே நிற்காது.

முதலாவது, ‘பேட்டில் மடத்துப் பட்டியல்’. போர் நடந்த இடத்தில் கட்டப்பட்ட மடத்தில், வில்லியமோடு வந்தவர்களின் பெயர்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன என்பார்கள். மூலப் பட்டியல் இன்று இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் பிரதிகள்தான் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. தங்கள் குடும்பப் பெயரையும் உள்ளே நுழைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் இடையில் நிறைய இருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, டூம்ஸ்டே கணக்கேடு. இங்கிலாந்தில் எந்த நிலம் யாரிடம் இருக்கிறது என்று வில்லியம் 1086-ல் எடுக்கச் சொன்ன கணக்கு. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ராபர்ட் டெ புருஸின் நிலங்கள் தனிப் பட்டியலாகவே அதில் இருக்கின்றன. பார்த்தால் விஷயம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதி ஏடு எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, காலியாகக் கிடந்த இடத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்டது. 1086-ல் எழுதிய பகுதியில் இந்தக் குடும்பத்துக்கு யார்க்‌ஷயரில் ஒரு துண்டு நிலம்கூட இல்லை.

அப்படியானால் எப்போது வந்தார்கள்?

வில்லியமின் கடைசி மகன் ஹென்றியின் காலத்தில். இந்தத் தொடர்பு சுவையானது. தந்தை இறந்தபோது ஹென்றிக்கு நாடு எதுவும் கிடைக்கவில்லை, பணம்தான் கிடைத்தது. 1088-ல் அந்தப் பணத்தை நார்மண்டியை ஆண்ட அண்ணனிடம் கொடுத்து, கோட்டான்டன் பகுதியின் ஆட்சியை வாங்கிக்கொண்டார். அப்போது அங்கே பழகிய சிறு பிரபுக்கள்தான் பின்னாளில் அவருக்கு நம்பகமான ஆட்கள் ஆனார்கள். 1100-ல் இங்கிலாந்தின் மன்னரானார். 1106-ல் டின்ஷ்ப்ரே போரில் அதே அண்ணனைச் சிறைபிடித்து நார்மண்டியையும் எடுத்துக்கொண்டார். தன்னை எதிர்த்த பெரிய பிரபுக்களின் நிலங்களைப் பிடுங்கி, கோட்டான்டன் ஆட்களுக்குப் பகிர்ந்தார். அப்படி வட யார்க்‌ஷயரில் கிளீவ்லாந்து பகுதியும் ஸ்கெல்டனும் பெற்றவர்தான் முதல் ராபர்ட் டெ புருஸ். 1119-ல் கிஸ்பரோவில் ஒரு மடத்தை நிறுவினார். 1140-களின் தொடக்கத்தில் இறந்தார்.

வெற்றி வீரனின் வாரிசு என்பதைவிட, புது மன்னரின் ஆளாக வந்து நிலம் வாங்கியவரின் வாரிசு என்பது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். என்ன செய்வது, ஆவணம் சொல்வது அதைத்தான்.

பிரேயோஸ் என்ற குடும்பமும் இவர்களும் ஒன்றா?

இல்லை. பழைய வம்சாவளி நூல்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கின்றன. பிரேயோஸ் குடும்பம் நார்மண்டியில் வேறொரு பக்கம் இருக்கும் பிரியூஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. டூம்ஸ்டே ஏட்டில் சசெக்ஸ் பகுதியில் பிராம்பர் கோட்டையோடு வருபவர் வில்லியம் டெ பிரேயோஸ். அவரைக் காட்டி ‘புரூஸ் 1086-லேயே இருந்தார்’ என்று எழுதியவர்கள் உண்டு.

ஓர்க்னித் தீவுகளின் வைக்கிங் தலைவர் புருசியின் வழியில் வந்தது இந்தக் குடும்பம் என்ற கதையும் இதே ரகம். இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதைத் தவிர அதற்கு வேறு அடிப்படை இல்லை.

யார்க்‌ஷயர் குடும்பம் ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போனது?

ஒரே ஒரு சாசனத்தால். 1124 வாக்கில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட், ஸ்கோன் என்ற இடத்திலிருந்து ராபர்ட் டெ புருஸுக்கு ஆனன்டேல் பள்ளத்தாக்கைக் கொடுத்தார். டேவிட் வளர்ந்தது ஹென்றியின் அரசவையில். இருவரும் அங்கே பழகியவர்கள். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையைக் காக்க, குதிரைப் படையும் கோட்டை கட்டும் பழக்கமும் உள்ள ஆட்கள் டேவிடுக்குத் தேவைப்பட்டார்கள்.

லத்தீனில் எழுதிய அந்தச் சாசனம் சில வரிகள்தான். எல்லையைச் சொல்கிற விதத்தைப் பாருங்கள்: டுனெகல் என்பவருடைய நிலத்தின் எல்லை தொடங்கி, ரனுல்ஃப் மெஷின் என்பவருடைய எல்லை வரை உள்ள நிலம் முழுவதும். ஆறு, மலை, கல் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்துக்காரர், அந்தப் பக்கத்துக்காரர், அவ்வளவுதான். டுனெகல், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர்; ரனுல்ஃப், நார்மண்டி வழி வந்த நார்மன். இரண்டு உலகங்களுக்கு நடுவில் ராபர்ட்டை உட்காரவைத்திருக்கிறார் மன்னர்.

அதைவிட முக்கியம் சாட்சிகளின் பட்டியல். ஹியூ டெ மோர்வில், ஆலன் டெ பெர்சி, வில்லியம் டெ சோமர்வில், ரண்டுல்ஃப் டெ சூல்ஸ் என்று வரிசையாக வருகிறது. ஸ்காட்லாந்து மன்னரின் சாசனத்துக்குச் சாட்சி நிற்பவர்கள் பெரும்பாலும் நார்மண்டி வழி ஆட்கள். மோர்வில், பெர்சி, சூல்ஸ் மூன்றுமே பிரிக்ஸ் போல இன்றைய மான்ஷ் மாவட்டத்து ஊர்களின் பெயர்கள். மோர்வில் வலோஞுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே வட்டாரத்து ஆட்கள் கூட்டமாக ஒரு புது நாட்டில் குடியேறியது அந்தப் பட்டியலில் அப்படியே தெரிகிறது. ஆயிரம் வம்சாவளி மரங்களைவிட இந்தச் சாட்சி வரிசை எனக்குப் பிடிக்கும்.

இரண்டு நாட்டிலும் நிலம் இருந்தால் போர் வரும்போது என்ன செய்வார்கள்?

சிக்கல்தான். 1138 ஆகஸ்ட் 22 அன்று நார்தாலர்டனுக்குப் பக்கத்தில் ‘கொடிப் போர்’ என்று பெயர் பெற்ற சண்டை நடந்தது. டேவிட் இங்கிலாந்துக்குள் படையெடுத்து வந்தார். ராபர்ட் டெ புருஸ் முதலில் அவரிடம் போய்ச் சண்டை வேண்டாம் என்று மன்றாடினார். டேவிட் கேட்கவில்லை. உடனே அவருக்குச் செய்து கொடுத்த விசுவாச உறுதியை விலக்கிக்கொண்டு, ஆங்கிலேயர் பக்கம் திரும்பி வந்து போரிட்டார். அவருடைய இளைய மகன் ராபர்ட் ஸ்காட்லாந்து பக்கம் நின்றதாகவும், அப்பாவின் கையிலேயே பிடிபட்டதாகவும் மரபுக் கதை உண்டு.

அதற்குப் பிறகு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த மகன் ஆதாமுக்கு ஸ்கெல்டன், இளைய மகன் ராபர்ட்டுக்கு ஆனன்டேல். யார்க்‌ஷயர் கிளை 1272-ல் ஆண் வாரிசு இல்லாமல் முடிந்து, சொத்து நான்கு சகோதரிகளுக்குப் பிரிந்தது. நார்மண்டித் தொடர்பு அதற்கு முன்பே நலிந்துவிட்டது. 1204-ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப் நார்மண்டியைக் கைப்பற்றியதும், கடலின் இரு கரையிலும் நிலம் வைத்திருந்தவர்கள் ஏதாவது ஒரு மன்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

சிறிய பள்ளத்தாக்கின் பிரபுக்கள் மன்னரானது எப்படி?

கல்யாணத்தால். ஆனன்டேல் பிரபுக்களில் ஒருவர், முதலாம் டேவிடின் பேரனான ஹன்டிங்டன் பிரபு டேவிடின் மகள் இசபெல்லாவை மணந்தார். அரச ரத்தம் குடும்பத்துக்குள் வந்தது. 1290-ல் ஸ்காட்லாந்தின் நேர் வாரிசு அற்றுப்போனதும், இசபெல்லாவின் மகன் ராபர்ட் அரியணைக்கு உரிமை கோரினார். தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, 1292 நவம்பரில் ஜான் பேலியலைத் தேர்ந்தெடுத்தார். பேலியல் என்பதும் வட பிரான்சில் பிக்கார்டிப் பகுதியின் ஓர் ஊர்ப் பெயர்தான். ஸ்காட்லாந்து அரியணைக்கு மோதிய இருவரின் பெயருமே பிரெஞ்சு ஊர்ப் பெயர்கள்.

தோற்றுப்போன அந்த ராபர்ட்டின் பேரன்தான் நாம் அறிந்த ராபர்ட் புரூஸ். 1274 ஜூலை 11-ல் பிறந்தார். 1306 பிப்ரவரியில் டம்ஃப்ரீஸ் நகரத் தேவாலயத்துக்குள் போட்டியாளர் ஜான் கோமினைக் கொன்றார். அடுத்த மாதமே ஸ்கோனில் முடிசூடினார். 1314 ஜூனில் பேனக்பர்னில் ஆங்கிலப் படையை முறியடித்தார். 1328-ல் இங்கிலாந்து அவரை மன்னராக ஏற்றது. மறு ஆண்டு இறந்தார்.

அவரை நார்மன் என்பதா, ஸ்காட்டிஷ் என்பதா?

அவர் பிறந்தபோது குடும்பம் ஸ்காட்லாந்துக்கு வந்து 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய் மார்ஜரி, கேலிக் மொழி பேசும் கேரிக் பகுதியின் ஆட்சி உரிமையைப் பிறப்பிலேயே பெற்றவர். அயர்லாந்து மன்னர்களுக்கு ராபர்ட் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. உங்கள் மக்களும் எங்கள் மக்களும் ஒரே வித்திலிருந்து வந்தவர்கள், மொழியும் வழக்கமும் நமக்குப் பொது என்று அதில் எழுதுகிறார். அரசியலுக்காகச் சொன்னதுதான், சந்தேகமில்லை. ஆனால் தாய் வழியில் பார்த்தால் பொய்யும் அல்ல. குடும்பப் பெயர் தந்தை வழியை மட்டும் காட்டும். மீதிப் பாதியைப் பற்றி அது வாயே திறக்காது.

சிலந்திக் கதை?

தோற்று ஒளிந்திருந்த ராபர்ட், திரும்பத் திரும்ப வலை பின்ன முயன்ற சிலந்தியைப் பார்த்துத் தைரியம் பெற்றார் என்ற பள்ளிப் பாடக் கதை. ராபர்ட்டின் வாழ்க்கையை 1370-களில் நெடுங்கவிதையாகப் பாடிய ஜான் பார்பரிடம் சிலந்தியே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் சொன்ன பிறகுதான் கதை வீடு வீடாகப் போனது.

இன்று புரூஸ் என்று பெயர் உள்ளவர்கள் அந்த மன்னரின் வாரிசுகளா?

அடிக்கடி கேட்கப்படுவதில் முதலிடம் இதற்குத்தான். சுருக்கமாகச் சொன்னால், நேர் ஆண் வழியில் இல்லை. ராபர்ட்டின் மகன் இரண்டாம் டேவிட் 1371-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். அயர்லாந்தின் மன்னராக முடிசூடிய தம்பி எட்வர்டு 1318-லேயே ஃபாகர்ட் போரில் மடிந்துவிட்டார். மற்றத் தம்பிகளை ஆங்கிலேயர் கொன்றார்கள். அரியணை ராபர்ட்டின் மகள் மார்ஜரியின் மகனுக்குப் போனது. அவர் ஸ்டூவர்ட், புரூஸ் அல்ல. இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு ராபர்ட்டின் ரத்தம் வந்தது இந்தப் பெண் வழியாகத்தான்.

அப்புறம் இன்றைய புரூஸ் பிரபுக்கள் யார்? 1359-ல் இரண்டாம் டேவிட், கிளாக்மன்னன் பகுதியை ஒரு ராபர்ட் புரூஸுக்குக் கொடுத்தார். சாசனத்தில் அவரை ‘அன்புக்குரிய உறவினர்’ என்கிறார், எந்த வகையில் உறவு என்று சொல்லவில்லை. எல்ஜின் பிரபுக்கள் உட்படப் பெரும்பாலான ஸ்காட்டிஷ் புரூஸ் பிரபுக் குடும்பங்கள் அந்தக் கிளையிலிருந்து வந்தவை. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் பல தலைமுறைகளாக மல்லுக்கட்டுகிறார்கள்.

கிளாக்மன்னன் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அப்படி எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. 1787-ல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அங்கே போனபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய கேத்தரின் புரூஸ் என்ற மூதாட்டி, ராபர்ட் மன்னருடையது என்று வீட்டில் வைத்திருந்த பெரிய வாளால் அவர் தோளைத் தொட்டு, தானாகவே வீரப் பட்டம் கொடுத்துவிட்டார். இதைச் செய்ய உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கும் துணிச்சல் அங்கே யாருக்கும் இருந்திருக்காது.

எல்ஜின் பிரபுக்கள் என்றால், இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த எல்ஜினா?

ஆமாம், எல்ஜின் பட்டம், புரூஸ் குடும்பப் பெயர். ஏழாவது எல்ஜின் பிரபு தாமஸ் புரூஸ், ஏதென்ஸின் பார்த்தினன் சிற்பங்களைப் பெயர்த்து வந்தவர். 1816-ல் பிரிட்டிஷ் அரசு அவற்றை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. கிரேக்கம் இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் மகன் ஜேம்ஸ் புரூஸ், 1860-ல் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைக் கொளுத்த உத்தரவிட்டவர். 1862-ல் இந்திய வைஸ்ராயாக வந்து, மறு ஆண்டே தர்மசாலாவில் இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவருடைய மகன் விக்டர் 1894 முதல் 1899 வரை வைஸ்ராய். பஞ்சமும் பம்பாய் பிளேக்கும் அவர் காலத்தில்தான் வந்தன.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள புரூஸ் யாராவது உண்டா?

உண்டு, ஆனால் அவருக்கு அது நடுப்பெயர். ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அவர் சேகரித்தவை சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஏற்காட்டில் அவருக்கு வீடு இருந்தது. நடுப்பெயரை மட்டும் வைத்து அவரை ஸ்காட்லாந்து மன்னரோடு கோத்துவிடக் கூடாது. குடும்பப் பெயர்களைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது அக்கால பிரிட்டிஷ் குடும்பங்களில் சகஜம்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் இந்தப் பெயர் இருக்கிறதே?

அடிமைமுறையின் வழியே போனது. 1875 முதல் 1881 வரை மிசிசிப்பியின் அமெரிக்க செனட்டராக இருந்தவர் பிளான்ச் கெல்சோ புரூஸ். பதவிக்காலம் முழுவதும் பணியாற்றிய முதல் கறுப்பின செனட்டர். 1841-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தார். புரூஸ் என்பது அவருடைய தாயை முன்னர் உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது உறவைக் காட்டலாம், நிலத்தைக் காட்டலாம், சில நேரம் விற்பனைச் சீட்டையும் காட்டலாம்.

புரூஸ் லீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை. 1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தபோது மருத்துவமனைக்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் அது. ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர்களை முதற்பெயராக வைக்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. கிரஹாம், டக்ளஸ், கீத் எல்லாம் அப்படி வந்தவைதான். பேட்மேனின் புரூஸ் வெய்னுக்கு மட்டும் ராபர்ட் மன்னரிடமிருந்தே பெயரை எடுத்ததாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் ஃபிங்கர் சொல்லியிருக்கிறார்.

‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று ஃபிரேம் போட்டு விற்கிறார்களே, வாங்கலாமா?

சுவருக்கு அழகாக இருக்கும், வாங்குங்கள். பொன்னிறப் பின்னணியில் சிவப்புப் பெருக்கல் குறி, மேலே சிவப்புப் பட்டை. ஆனன்டேல் புரூஸ்களின் சின்னம் அது. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனிநபருக்குத்தான் சொந்தம், பெயருக்குச் சொந்தமல்ல. லார்ட் லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றம் அதை இன்றும் கண்காணிக்கிறது.

என் முன்னோர் பெயர் புரூஸ். எங்கிருந்து தேடுவது?

மன்னரிடமிருந்து கீழே வராதீர்கள், உங்களிடமிருந்து மேலே போங்கள். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1855-ல் கட்டாயமானது. அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஸ்காட்லாந்து அரசின் ‘ஸ்காட்லாந்ஸ் பீப்பிள்’ இணையதளத்தில் தேடலாம். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்கள் உதவும். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் அங்கே இருக்கின்றன. எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஒரே ஆளின் பெயரை மூன்று பதிவுகளில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு தடம் நின்றுவிடும். அங்கிருந்து பேனக்பர்ன் வரை கோடு போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், சாசனத்தைக் காட்டச் சொல்லுங்கள்.